எந்தக் கையில எடுக்கறான்

இருங்கக்கா, மேடத்தக் கூட்டீட்டு வந்தர்றேன்னு சொல்லீட்டு உள்ள போன புள்ள இன்னும் வரக் காணோம். போறப்பச் சிரிச்சாளா? சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அவ சிரிக்காமப் போயிருந்தா நான் இப்படிப் பதறியிருக்க மாட்டேன். எங்க பனியன் கம்பெனிக்கு வெளியூர் வாங்கறவங்க வந்து ஒரு பீஸக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு ரொம்ப நல்லாருக்குதுன்னு சிரிப்பாங்க, அன்னிக்குச் சாயங்காலமே மொத்த லாட்டும் திரும்பி வந்துரும். சும்மா இரு கோகிலவாணி. ஒண்ணுமிருக்காது. என்ன கேட்டா, எந்தக் கையில சாமான் எடுக்கறான்னு கேட்டா, எடது கையிலன்னு சொன்ன, அவ்வளவுதானே? எடது கைக்காரங்க ஊருல இல்லியா? எங்க கொழுந்தனாரு எடது கைதான், பேட்டிங்குல எடது கைன்னா பந்து போடறவனுக்குப் பாதி உசுரு போயிரும்ன்னு பீத்திக்குவாரு. எம் பையன் நிதிலன் அவன் சித்தப்பன் மாதிரி. அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு டாக்டரு? மடியில தூங்கறான் பாரு, எச்சி ஒழுக, ஒண்ணுந் தெரியாம. ஆஸ்பத்திரி வராண்டாவுல இத்தனை கூட்டம், ஒரு கொழந்தை அழுது முடிக்க இன்னொண்ணு ஆரம்பிக்குது, இவனுக்கு என்ன தூக்கமோ. ரொம்பத் தூங்கறானா? இந்நேரத்துக்குத் தூங்கறவனா இவன்? பஸ்ஸுல வந்த அசதி. ஆமா, பஸ்ஸுல வந்த அசதிதான்.

போன மாசம் தடுப்பூசி போட வந்தப்பத்தான் இந்தப் பர்வீன் புள்ளயப் பாத்தது. கழுத்துல அட்டை, கையில ஒரு பரீட்சை அட்டையும் பேனாவும். ஆராய்ச்சி பண்றோம்க்கா, பொறக்கற சமயத்துல சில கொழந்தைகளுக்கு ஸ்ட்ரோக் வந்துருது, ஏன் வருதுன்னு தேடறோம்ன்னா. ஸ்ட்ரோக்குன்னா? பக்கவாதம்க்கா. நான் சிரிச்சே போட்டேன். பக்கவாதம்ங்கறது எங்க மொதலாளியோட அப்பாவுக்கு வந்தது, வாய் ஒரு பக்கம் கோணி, வீல்சேர்ல வந்து கம்பெனி வாசல்ல உக்காந்து எல்லாரையும் மொறைப்பாரு. பொறந்த கொழந்தைக்கா? வயித்துக்குள்ள இருக்கறப்பவே கூட வரும்க்கா, மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு சின்ன ரத்தக் கட்டி போயி அடைச்சுக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது, மாசங் கழிச்சுத்தான் கை கால்ல தெரியும்ன்னா. கேக்கவே ஈரக்கொலை நடுங்குச்சு. நடுங்குச்சே தவிர, அது அடுத்த வீட்டுக்கு நடுங்கற நடுக்கம். அப்புறம் அவ சொல்றா, நோவு வந்த கொழந்தைங்க அம்மாமாருகிட்ட மட்டும் கேட்டாப் பத்தாதுக்கா, நல்லா இருக்கற கொழந்தைங்க அம்மாமாருகிட்டயும் அதே கேள்வியக் கேக்கணும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும், உங்க பையன் நல்லா கொழுகொழுன்னு இருக்கான், நீங்க வர்றீங்களான்னா. எனக்கு எம்புட்டுப் பெருமைங்கறீங்க! கம்பெனியில ஒரு ஆர்டருக்கு ஒரு பீஸ ஒசத்தியாத் தெச்சு, சீட்டுக் கட்டி ஆணியில மாட்டி வெச்சிருப்பாங்க, மிச்சத்தையெல்லாம் அதோட ஒப்பு வெச்சுப் பாத்துத்தான் இது சரி, இது தப்புன்னு நாங்க தள்ளுவோம். எம் பையன் அந்த ஆணியில மாட்டுன பீசுன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போயி அவர்கிட்டச் சொன்னேன், நம்ம பையன ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கறாங்கன்னு. உப்பும் மொளகாயும் எடுத்துச் சுத்திப் போட்டுட்டுப் போன்னாரு.

இன்னிக்கு எனக்கு முன்னால உள்ள போனது ஒரு பொண்ணு. வசுமதின்னு பேரு கூப்பிட்டாங்க. காங்கேயம் பக்கமாம். மடியில பொட்டப்புள்ள, எம் பையன விட ரெண்டு மூணு மாசம் மூத்ததா இருக்கும், எடது கை மணிக்கட்டுல மடங்கிக் கெடக்குது. நல்லா ஆடற வலது கைக்கு ஒரு துணி உறையப் போட்டு முடிஞ்சு விட்டிருந்துச்சு. ஏனுங்க, நல்லா இருக்கற கையப் போயி ஏன் கட்டி வெச்சிருக்கறீங்கன்னு கேட்டேன். இத மூடினாத்தான் அது வேல செய்யப் பழகுமாம், தெரபியில சொல்லியிருக்கறாங்கன்னு சொல்லீட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. என்னையப் பாக்கல, இவனப் பாத்தா. எனக்கு சுருக்குன்னுச்சு, முந்தானைய எடுத்து இவன் மொகத்துல போட்டேன், கண்ணு பட்டுரும்ன்னு. உள்ள போனவ வர்றதுக்கு எத்தன நேரம்! கதவு சாத்தியிருந்துச்சு, பேசறது கேக்கல, மூக்கச் சிந்தறது மட்டும் கேட்டுச்சு. ஒரு டீ வாங்கிக் குடிச்சு, பையனுக்குத் துணி மாத்தி, பால் குடுத்து, அப்புறமும் அவ வரல. நான் என்ன நெனச்சேன்? இம்புட்டு நேரஞ் சொல்றதுக்கு வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு இவ என்னென்ன பண்ணித் தொலச்சாளோன்னு நெனச்சேன். இந்த மடியிலதான் இவன் இருந்தான், இப்படியேதான் உக்காந்திருந்தேன், அப்படி நெனச்சேன். இப்ப அவ அந்தக் கோடி பெஞ்சுல உக்காந்திருக்கறா, தெரபிக்குக் கூப்பிடறதுக்காக. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

நான் உள்ள போனப்ப எத்தன சுளுவா முடிஞ்சுது! காச்சல் வந்துச்சாக்கா? இல்ல. பிரசர்? இல்ல. சர்க்கரை? இல்ல. இதுக்கு முன்னால கரு கலஞ்சிருக்கா? இல்ல. குடும்பத்துல யாருக்காவது காலுல ரத்தம் கட்டிக்கற நோவு? இல்ல. வயித்துல அடி? இல்ல. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரங் கழிச்சுப் பொறந்தானா? இல்ல, வலி வந்து ஆஸ்பத்திரியிலதான் ஒடஞ்சுது. பொறந்ததும் அழுதானா? அழுதானாவா, பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்ன்னேன். வெடுக்கு வெடுக்குன்னு பதில் சொன்னேன். பரீட்சையில பக்கத்துல இருக்கறவள விட முன்னாடி எழுதி முடிச்சவ மாதிரி ஒரு தெனாவெட்டு. நஞ்சுக்கொடியப் பத்தி டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேட்டா. அதப் பத்தி என்னத்தச் சொல்றாங்க, வந்துச்சு, போச்சுன்னேன். அவ பெருமூச்சு விட்டா, அதுலதான்க்கா பாதி விசயம் இருக்கும்ன்னு நாங்க நெனைக்கறோம், அதுல இருந்து ஒரு கட்டி கெளம்பிக் கொழந்தைக்குப் போயிருக்கலாம், ஆனா கொழந்தை நல்லா அழுதுட்டா அத யாரும் பாக்கறதில்ல, கழிவுன்னு மஞ்சப் பையில போட்டு அனுப்பீர்றாங்க, அப்புறம் மாசங் கழிச்சு நாங்க வந்து தேடுனா எங்க கெடைக்கும்ன்னா. நானும் பாவம்ன்னு உச்சுக்கொட்டுனேன். அடப்பாவமே, இந்தப் புள்ளைக்கு வேலை எத்தன கஷ்டம்ன்னு உச்சுக்கொட்டுனேன்! அப்புறந்தான் கடசியில, சும்மா மூடறதுக்கு முன்னாடி கேக்கற மாதிரி, பையன் எந்தக் கையில சாமான் எடுக்கறான்க்கான்னா. நான் பெருமையா, எடது கைங்க, மூணு மாசத்துல இருந்தே எடது கைதான்ன்னேன். பேனா நின்னுருச்சு. மூணு மாசத்துல இருந்தேவான்னா. அப்புறம் மேசையில இருந்து ஒரு செவப்பு வளையத்த எடுத்து இவனுக்கு வலது பக்கமா நீட்டுனா. எம் பையன் ஒடம்பையே திருப்பி, எடது கையக் கொண்டு வந்து வாங்கினான். கெட்டிக்காரன்னு சிரிச்சேன். அவ சிரிக்காம எடது கைய மெதுவா அவ கையில புடிச்சுக்கிட்டு, மறுக்கா நீட்டுனா. அவன் பாத்தான். வளையத்தப் பாத்தான், என்னையப் பாத்தான், வலது கை தோள்ல இருந்து கொஞ்சம் எழுந்துச்சு, விரல் விரியல. வீல்ன்னு கத்துனான். அப்பத்தான் அவ சிரிச்சா. இருங்கக்கான்னா.

விரல் விரியல. எப்பத்தான் விரிஞ்சிருக்குது? சாமி, எப்ப விரிஞ்சிருக்குது? கொழந்தைங்க எல்லாம் பொத்திக்கிட்டுத்தானே இருக்கும். பொத்திக்கிட்டு இருக்கறதப் பாத்து நாங்க எத்தன சிரிச்சிருக்கறோம்! கொழந்தை பாக்க வர்றவங்க கையில பணம் வெச்சு அழுத்தீட்டுப் போறது வழக்கந்தானே, எங்க நாத்தனாரு வந்து வலது கைய விரிச்சு ஒரு நோட்ட மடிச்சு வெச்சாங்க. டப்புன்னு மூடிக்கிட்டான். சாயங்காலம் வரைக்கும் விடல. குளிப்பாட்டறப்ப விடல. எடது கையில ஆராச்சும் வெச்சா ஒடனே கீழ போட்ருவான், வலது கையில வெச்சா விடவே மாட்டான். பாருடி இவன, காச விடமாட்டேங்கறான், ஏற்றுமதி மொதலாளி ஆகப்போறான்னு நாத்தனாரு சொல்ல, வீடே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அப்புறம் வர்றவங்களுக்கெல்லாம் இதே வேடிக்கை. இந்தக் கையில வெய்யுங்க, இந்தக் கையில வெய்யுங்கன்னு நானே வலது கைய எடுத்து நீட்டுவேன். பெருவிரல் உள்ள மடங்கி, அதுக்கு மேல நாலு விரலும். ராத்திரி நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு நோட்ட உருவுனா ஈரமா, புளிச்ச வாடையா இருக்கும். பிரிக்கறப்ப ஒரு எதுப்பு இருந்துச்சு. இருந்துச்சு. பலசாலின்னு நெனச்சேன். சட்டை போடறப்பவும் எடது கை வழுக்கீட்டுப் போயிரும், வலது கை மொழங்கையில சிக்கிக்கும், ஒவ்வொரு சட்டைக்கும் அதே சண்டை, கை தெச்சவன் சரியாத் தெக்கலைன்னு தையல்காரனத் திட்டுவேன். ஒம்பது வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கறேன். ஆயிரம் பனியன் போகட்டும், ஒரு ஊசி எகிறுனது, ஒரு நூல் விட்டது, எங் கண்ணுல படாமப் போகாது. கோகிலா பாத்துட்டாளா, அப்ப பெட்டியில போடுன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. சிக்குதுன்னா சட்டை மேல தப்புன்னு நெனச்சேன். கை மேல தப்புன்னு எந்த அம்மா நெனப்பா?

போன் அதிருது. அவருதான். முடிஞ்சுதாங்கறாரு. பின்னால பிரிண்டிங் மிசின் சத்தம் கடமுடான்னு. இன்னும் இல்லீங்க, டாக்டரு பாக்கோணுமாம்ன்னேன். நல்லாருக்கற புள்ளைய எதுக்கு டாக்டரு பாக்கோணும்? சும்மா, எல்லாருக்கும் பாக்கறாங்க. பையன் என்ன பண்றான்? தூங்கறான். சரி, வர்றப்ப வெயில்ல வராத, ஆட்டோவுல வந்துருன்னு சொல்லீட்டு வெச்சுட்டாரு. ஏன் நான் சொல்லல? சொல்றதுக்கு என்ன இருக்குது? ஒண்ணுமில்லாததுக்கு அவரையும் எதுக்குப் பயமுறுத்தோணும். சொன்னா அவரு என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். ஏன்னு கேப்பாரு. எல்லாரும் ஏன்னுதான் கேப்பாங்க. எங்கம்மா, நாத்தனாரு, கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்கார்றவளுக, அத்தன பேரும் ஏண்டின்னு கேட்டுப்போட்டு எங் கையப் பாப்பாளுக, வயித்தப் பாப்பாளுக. நான் வசுமதியப் பாத்த மாதிரி.

ஏன்? எட்டாம் மாசம் வரைக்கும் நின்னுக்கிட்டே வேல பாத்தேன். சிப்மெண்ட் நெருங்குது, இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மான்னாங்க, நின்னேன். நிக்கறது வயித்துல அடியா? பர்வீன் கேட்டது அடின்னுதானே. வண்டியில போறப்ப மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருந்த வேகத்தடைய அவரு கவனிக்காம ஏத்தீட்டாரு, குடலே மேல வந்து எறங்குச்சு. அது அடியா? அன்னிக்குப் பூராவும் வயித்துக்குள்ள ஆடவே இல்ல இவன். ஆடலையா? ஆடுனானா? அப்ப பயந்ததா நெனப்பு இல்ல. பயந்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பனே. அப்புறம் அந்தத் தண்ணி. வலி வர்றதுக்கு மொத நாள் மத்தியானம், சேலை பின்னால நனஞ்ச மாதிரி இருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சேன். வேர்வைதான், பேன் ஓடல அன்னிக்கு. இல்ல, அது வேற நாளா? சேலையே கட்டல, நைட்டியில இருந்தேன். நைட்டி நனஞ்சுதா? கண்ண மூடுனா நனஞ்ச துணி தொடையில ஒட்டற மாதிரியே இருக்குது, சில்லுன்னு, இப்பத்தான் ஒட்டுன மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால அந்தப் புள்ள கேட்டப்ப இந்தத் தண்ணி எங்க போச்சு? பனிக்குடம் ஒடைஞ்சு அத்தன நேரம் உள்ள கெடந்திருக்கறான். நான் புளிச்சோறு தின்னுக்கிட்டு டி.வி. பாத்துக்கிட்டு இருந்திருக்கறேன். இல்லைன்னு சொன்னேனே! வெடுக்குன்னு சொன்னேனே! நான் சொன்னதையெல்லாம் அழிக்கோணும். காச்சலும் வந்துச்சு, ஆறாம் மாசம் ஒரு நாள் மேலு கதகதன்னு இருந்துச்சு, மாத்திரை போட்டுக்கிட்டேன். ஒண்ணு இல்ல, எல்லாமே இருக்குது. கேட்ட ஒவ்வொண்ணும் எனக்கு இருக்குது.

கதவு தெறந்து பர்வீன் வந்தா. மேடம் ரவுண்ட்ஸ்ல இருந்து வர்றாங்கக்கா, அஞ்சு நிமிசம்ன்னா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். பர்வீன், நான் தப்பாச் சொல்லீட்டேன் சாமி, மறுக்கா எழுது. தண்ணி கசிஞ்சுது. காச்சல் வந்துச்சு. வண்டியில தூக்கிப் போட்டுச்சு. எல்லாத்தையும் ஆமான்னு மாத்து. அவ எம் பக்கத்துல உக்காந்தா. சின்னப் புள்ளதான், எந் தங்கச்சி வயசு இருக்கும். அக்கா, அத நான் தொட மாட்டேன்னா. ஏன், என்ர வாயில இருந்து வர்றதுதானே? அப்ப வந்ததும் உங்க வாயில இருந்துதான்க்கா வந்துச்சு. அப்ப உங்களுக்கு ஒரு பயமும் இல்ல, கேட்டதுக்கு நெனப்புல இருந்தத சொன்னீங்க. இப்ப உங்க மனசு கெடந்து தேடுது. தேடுனா அது எதையாச்சும் எடுத்துக் குடுக்கும்க்கா, இல்லாததக் கூட. எங்க வேலைல இதுதான் பெரிய தலவலி. கொழந்தைக்கு ஒண்ணுன்னு தெரிஞ்ச அம்மாமாரு எல்லாத்துக்கும் ஆமாங்கறாங்க, நல்லா இருக்கறவங்க எல்லாத்துக்கும் இல்லைங்கறாங்க, எது நெசம்ன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? தெரியறதுக்கு முன்னாடி சொன்ன பதிலு எங்களுக்குக் கெடைக்கறதே இல்லக்கா. நீங்க சொன்னது அப்படிப்பட்டதுன்னா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எம் பையனுக்குக் கை வரல, உனக்கு நல்ல பதிலு கெடச்சுருச்சா? அப்படிக் கேட்டே போட்டேன். அவ மொகம் செத்துப் போச்சு. சாரிக்கான்னா. அப்பவும் அந்த அட்டைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா, நான் புடுங்கீருவேன்ங்கற மாதிரி. புடுங்கியிருப்பேன்.

டாக்டரம்மா வந்தாங்க. நரச்ச முடி, காலுல தேஞ்சு போன செருப்பு. உள்ள கூட்டீட்டுப் போயி, இவன எழுப்பி மேசை மேல படுக்க வெச்சாங்க. ரெண்டு கையையும் புடிச்சு மெதுவா உக்கார வெக்கறாங்க, எடது பக்கம் எந்திரிக்குது, வலது தோளு பின்னால தங்குது. உள்ளங்கைய விரிக்கறாங்க, பெருவிரல வெளிய எடுத்து விடறாங்க, அது மறுபடி உள்ள போகுது. காலப் பாக்கறாங்க. தலயச் சுத்தி நாடாவால அளக்கறாங்க. நான் அவங்க மூஞ்சியவே பாக்கறேன். ஒரு பீஸப் பாத்துப்போட்டு எந்தப் பக்கம் போடறதுன்னு நான் எடுக்கற முடிவு, கண்ணுக்குள்ள வந்து போற அந்த ஒரு நொடி, அது எனக்குத் தெரியும். அவங்க கண்ணுல அது வந்துச்சு. ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்மா, ஆனா கையப் பாத்தா பொறக்கற சமயத்துல ஸ்ட்ரோக் வந்திருக்கும்ன்னுதான் தோணுதுன்னாங்க. சீக்கிரம் பாத்தாச்சு, அது நல்லது, இந்த வயசுல ஆரம்பிச்சா கை நெறையப் பழகும்ன்னாங்க. நடப்பானா? நடப்பான்னுதான் நெனைக்கறேன். அறிவு? பாக்கணும்மா, பல பேருக்கு நல்லாவே இருக்கு. அப்புறம் நான் கேட்டேன். எதனாலைங்க? தெரியலம்மான்னாங்க. தேடறோம், ரத்தம் எடுத்துப் பாக்கறோம், இருதயத்தப் பாக்கறோம், இருந்தும் ரொம்பப் பேருக்குக் காரணம் கெடைக்கறதே இல்ல, அதுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியேன்னாங்க. ஆனா ஒண்ணு, நீங்க ஏதோ செஞ்சதாலயோ செய்யாததாலயோ வந்ததில்ல, அத மனசுல ஏத்திக்காதீங்கன்னாங்க. தெரியாதுங்கறீங்க, என்னால இல்லைன்னும் சொல்றீங்க, தெரியாதுன்னா அது நானாவும் இருக்கலாமில்ல? நீதாண்டி, உன்னாலதான்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. சுமந்துக்கறேன். காலத்துக்கும் சுமந்துக்கறேன். தெரியாதுங்கறத எப்படிங்க சுமக்கறது? அவரு ஏன்னு கேட்டா, தெரியாதுன்னு எப்படி வாயத் தொறந்து சொல்றது? இதையெல்லாம் கேட்டனா, நெனச்சனா, தெரியல. சரிங்க டாக்டர்ன்னு மட்டும் எங் காதுல விழுந்துச்சு.

வெளிய வந்தா உக்கார எடமில்ல. நான் இருந்த பெஞ்சுல வேற ஆரோ உக்காந்திருக்கறாங்க. இவன் முழிச்சுக்கிட்டு எந் தாலிக்கொடிய எடது கையால இழுக்கறான். அந்தக் கையப் பாக்கவே புடிக்கல எனக்கு. இங்க வாங்கன்னு ஒரு சத்தம். வசுமதி. பையத் தூக்கிக் கீழ வெச்சுட்டு ஒதுங்குனா. போய் உக்காந்தேன். அவ எம் மூஞ்சியப் பாத்தா, இவனப் பாத்தா. காலைல பாத்த அதே பார்வைதான், நான் கண்ணு பட்டுரும்ன்னு மூடுனது. அப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுன்னு இப்பத்தான் எனக்கு ஒறைக்குது. எந்தக் கைங்கன்னா. வலதுன்னேன். மொத மொதல்ல வாயால சொல்றேன். அவ புள்ள உறை போட்ட கையால இவன் தலையில தட்டுது.

ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனக்க மாட்டீங்களேன்னா. கேளுங்க. வயித்துல இருக்கறப்ப நீங்க அன்னாசி தின்னீங்களா? இல்லீங்க. நான் தின்னுட்டனுங்க, கலியாண வீட்டுல கேசரியில போட்டிருந்தாங்க, தெரியாமத் தின்னுட்டேன். அவ கண்ணு எம் மேல இருந்து நகரல. கெரகணத்தன்னிக்கு வெளிய போனீங்களா? இல்லீங்க. நான் கொடியில துணி எடுக்கப் போனனுங்க, ரெண்டு எட்டுதான். வென்னித் தவலை தூக்குனீங்களா? இல்லீங்க. மாமியாக்காரிகிட்டக் கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்தனுங்க, நீங்க அப்படி ஏதாச்சும்? கோவம் தெனமும் உண்டுங்க, ஆனா சோத்த விட்டதில்ல. இல்ல, இல்லன்னு நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு மொகத்துல என்னமோ ஆகுது. மாசக் கணக்காத் தூங்காத மொகம், ஒவ்வொரு இல்லைக்கும் கொஞ்சங் கொஞ்சமா எளகுது. நீங்க ஒண்ணுமே பண்ணல, அப்படியும் வந்திருக்குதுங்கன்னா. சுர்ருன்னு கோவம் ஏறுச்சு எனக்கு. எம் புள்ளைக்கு வந்ததுல உனக்கு நிம்மதியாடின்னு கேக்க வாயெடுத்துட்டேன். ஓங்கி ஒண்ணு விட்டிருப்பேன். தண்ணிய, வேகத்தடைய, எல்லாத்தையும் அள்ளிக் கொட்டி, நானும்தாண்டி பண்ணுனேன்னு சொல்லியிருப்பேன். சொல்லல. சொன்னா அந்த மொகம் மறுபடி பழையபடி ஆயிரும். அதோட, சொன்னா அது நெசமான்னும் எனக்குத் தெரியல.

நான் ஒண்ணு கேக்கறனுங்கன்னேன். கேளுங்க. வலி வர்றதுக்கு முன்னால உங்களுக்குத் தண்ணி கசிஞ்சுதா? எங் கொரலு எனக்கே கேக்கல, மறுக்கா கேட்டேன். அவ யோசிச்சா. நல்லா யோசிச்சா, எதையும் மறச்சு வெக்கறவ இல்ல அவ. இல்லீங்க, சொட்டுக்கூட இல்ல, ஆஸ்பத்திரி மேசையிலதான் ஒடச்சு விட்டாங்கன்னா. வண்டியில தூக்கிப் போட்டுச்சா? நான் வண்டியிலயே போகலீங்க, அவருகிட்ட வண்டி ஏது. நின்னுக்கிட்டு வேல பாத்தீங்களா? வேலைக்கே போகலீங்க, படுத்தே கெடந்தேன், படுத்துக் கெடந்ததாலதான் வந்துச்சுன்னு எங்கூர்ல சொல்றாங்க. அவளுக்கு அது இல்லாமயே வந்ததுனால எனக்கும் அதுனால வரலைன்னு ஆயிருமா? ஆகாதுதான். பர்வீன்கிட்டக் கேட்டா, ரெண்டு பேர வெச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாதுக்கான்னு சொல்லுவா. சொல்லீட்டுப் போகட்டும். எனக்கு ஓன்னு அழுகை வந்துருச்சு, வராண்டாவுல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. வசுமதி எந் தோளப் புடிச்சுக்கிட்டா. அழுங்க, அழுதுட்டு இன்னும் கேக்கறதுக்கு இருந்தாக் கேளுங்கன்னா. இருக்குதுங்கன்னேன்.